காஞ்சி தொடங்கி கல்கத்தா வரை: ஊர்க் கதைகளை நூலகமாக்கிய காலின் மெக்கன்சி யார்?

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள், அப்படியே ரெண்டு கோயிலையும் பார்த்துவிட்டு வருவது வழக்கம். வைகுண்டப் பெருமாள் கோயில் பிராகாரத்தைச் சுற்றினால், பல்லவ அரசர்களின் கதை வரிசையாகச் சிற்பங்களில் இருக்கும். கல்லில் செதுக்கிய வரலாறு தப்பித்துவிட்டது. ஆனா, ஓலையில் எழுதியதும், ஊர்ப் பெரியவர்கள் வாய்வழியாகச் சொன்னதும் என்ன ஆச்சு?

அதில் ஒரு பகுதி சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. அதற்கு முக்கியக் காரணம், தமிழே தெரியாத ஒரு ஸ்காட்லாந்துக்காரர்!

யார் இந்த மெக்கன்சி?

காலின் மெக்கன்சி 1754-ல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்தவர். அங்கே சுங்கத் துறையில் வேலை பார்த்தார். கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவத்தில் சேர்ந்து, 1783-ல் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது 30-ஐ ஒட்டி இருக்கும். பொறியாளர் பிரிவில் பணி. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போரிலும் அவர் இருந்தார்.

போர் முடிந்ததும் மைசூர் பகுதியை அளந்து வரைபடம் தயாரிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 1810-ல் சென்னை மாகாண சர்வேயர் ஜெனரல், 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் என்று படிப்படியாக உயர்ந்தார். இடையில் 1811 முதல் 1813 வரை ஜாவாவில் பணி.

சர்வேயருக்கு எதுக்கு வரலாறு?

நிலத்தை அளக்கப் போகும் இடத்தில் இந்த ஊர் யாருடையது, கோயில் மானியத்தை யார் கொடுத்தது, ஏரியை யார் வெட்டினது என்ற கேள்விகள் தானாகவே வந்துவிடும். ஆட்சி நடத்த கம்பெனிக்கு இந்தத் தகவல்கள் தேவை. ஆனா, மெக்கன்சியின் ஆர்வம் அலுவலகத் தேவையைத் தாண்டிப் போனது. சேகரிப்புக்கான செலவில் பெரும்பகுதியை அவர் சொந்தப் பணத்திலிருந்தே செய்தார்.

உண்மையில் சேகரித்தது யார்?

மெக்கன்சிக்கு இந்திய மொழிகளில் படிக்கத் தெரியாது. அந்த வேலையைச் செய்தவர்கள் நம்ம ஊர்க்காரர்கள்தான். ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா 1796-ல் அவரிடம் சேர்ந்தார். பல மொழிகள் அறிந்தவர். கல்வெட்டு படிப்பது, ஊர் மக்களிடம் பேசிச் சுவடி வாங்குவது, மொழிபெயர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 1803-ல், 30 வயதுகூட நிரம்பாமல் அவர் இறந்துபோக, தம்பி லட்சுமய்யா அந்த இடத்துக்கு வந்தார். சமண அறிஞர் தர்மய்யா, தமிழ்ப் பகுதிகளில் சுற்றிய அப்பாவு என்று இன்னும் பலர் இதில் உழைத்தார்கள்.

வேலை நடந்த விதம் எளிமையானது. ஊருக்குப் போக வேண்டும். கணக்குப்பிள்ளை, அர்ச்சகர், மடத்துக்காரர், வயதானவர்கள் என எல்லோரையும் விசாரிக்க வேண்டும். சுவடியைக் கொடுத்தால் வாங்கலாம், கொடுக்காவிட்டால் பிரதி எடுக்கலாம். எழுத்தில் இல்லாத கதை என்றால், சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளலாம். ஆனா, கம்பெனி ஆள் வந்து நிலம், மானியம் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? வரி போடவோ, மானியத்தைப் பிடுங்கவோ வந்திருக்கிறார்கள் என்று பல இடங்களில் வாய் திறக்க மறுத்தார்கள். பேசிப் புரியவைத்து வாங்குவதுதான் உதவியாளர்களின் பெரிய வேலை.

காஞ்சி பற்றி என்ன இருக்கிறது?

காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமண்டலத்தின் கதைகள் இந்தத் தொகுப்பில் முக்கியமானவை. குறும்பர்களை வென்று ஆதொண்டைச் சோழன் இந்த மண்ணைப் பிடித்த கதை அதில் ஒன்று. காஞ்சி மன்னன் ஹிமசீதளனின் அவையில் சமண அறிஞர் அகளங்கர் பௌத்தர்களை வாதில் வென்றதாகச் சொல்லும் கதையும் உண்டு.

இதெல்லாம் அப்படியே நடந்ததா? ஆய்வாளர்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. கல்வெட்டு, செப்பேடு ஆகியவற்றோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். ஆனா, 200 வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர் மக்கள் தங்கள் கடந்த காலத்தை எப்படிப் புரிந்துவைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

அவருக்குப் பிறகு என்ன ஆச்சு?

சேர்த்ததையெல்லாம் பட்டியல் போட வேண்டும் என்பது மெக்கன்சியின் ஆசை. நேரம் கிடைக்கவில்லை. 1817-ல் தொகுப்போடு கல்கத்தா போனவர், 1821 மே 8 அன்று காலமானார். கல்கத்தாவின் சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மனைவி பெட்ரோனெல்லாவிடமிருந்து கம்பெனி 1 லட்சம் ரூபாய்க்கு மொத்தத்தையும் வாங்கியது.

ஹெச்.ஹெச்.வில்சன் 1828-ல் வெளியிட்ட பட்டியலைப் பார்த்தபோதுதான் எவ்வளவு இருக்கிறது என்பதே வெளியே தெரிந்தது. 1,568 சுவடிகள், 2,070 ஊர் வரலாற்றுக் குறிப்புகள், 8,076 கல்வெட்டுப் பிரதிகள், 2,630 ஓவியங்கள், 6,218 நாணயங்கள்!

அதோடு தொகுப்பு பிரிந்தது. ஒரு பகுதி லண்டன் போனது. தென்னிந்திய மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பின. அவற்றில் பல பூச்சி அரித்து, மை மங்கிப்போன நிலையில் இருந்தன. வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார் அவற்றைப் படித்து, சிதைந்தவற்றுக்குப் புதுப் பிரதி எடுக்க வைத்து, விளக்கப் பட்டியலும் தயாரித்தார். தெலுங்கு அறிஞர் சி.பி.பிரவுன் சேர்த்த சுவடிகளும் கூடவே சேர்ந்து, 1869-ல் உருவான கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு அடித்தளமாயின. 1972-ல் சென்னைப் பல்கலைக்கழகம், டி.வி.மகாலிங்கத்தைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ், மலையாளச் சுவடிகளின் சுருக்கங்களை வெளியிட்டது. மெக்கன்சி இறந்து 151 வருஷம் கழித்து!

லட்சுமய்யாவின் கதை வேறு. மெக்கன்சிக்குப் பிறகு இந்த வேலையைத் தானே தொடர்வதாக அவர் கேட்டுப் பார்த்தார். கல்கத்தா ஆசியவியல் சங்கத்தின் ஜேம்ஸ் பிரின்செப் அதை ஏற்கவில்லை. ஓர் இந்தியர் தனியாக இதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை அங்கே இல்லை. ஊர் ஊராக நடந்தவர்களின் பெயர் இல்லாமல், தொகுப்பு இன்றும் மெக்கன்சி பெயரில்தான் இருக்கிறது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

ஒரு நூலகம் வட்டார வரலாற்றைச் சேர்க்க மூன்று வேலை வேண்டும். ஊருக்குள் போய்க் கேட்பது, எங்கே யாரிடம் கிடைத்தது என்று குறித்துவைப்பது, பட்டியல் போடுவது. மெக்கன்சி குழு முதல் இரண்டையும் செய்தது. மூன்றாவது முடியாததால், அந்தச் சுவடிகள் பல காலம் யாருக்கும் பயன்படாமல் கிடந்தன.

இன்றைய காஞ்சியிலும் சேர்க்க வேண்டியவை நிறைய. கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, கோயில் வாசலில் விற்கும் தலபுராணச் சிறுபுத்தகம்... பெரும்பாலும் இவை கடைகளில் விற்பனைக்கு வருவதில்லை. சில நூறு பிரதிகள்தான் அச்சாகும். வீடு காலி செய்யும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவதும் இவைதான். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடைத்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அதில் இருக்கும் ஊர்ப் பெயரையும் வருஷத்தையும் ஒரு தடவை பாருங்கள். அந்த ஊர் நூலகத்தில் அது இல்லாமலே இருக்கலாம்.