மறைமலை அடிகள்

மறைமலை அடிகள் (சூலை 15, 1876 - செப்டம்பர் 15, 1950) தமிழறிஞர், ஆசிரியர், சைவ சமயச் சொற்பொழிவாளர். தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடி. இவரது இயற்பெயர் வேதாசலம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 13 ஆண்டுகள் தமிழ் கற்பித்த இவர், 1911 முதல் இறக்கும் வரை சென்னைக்குத் தெற்கேயுள்ள பல்லாவரத்தில் வாழ்ந்தார். சமயம், ஆராய்ச்சி, நாடகம், புதினம், கட்டுரை எனப் பல துறைகளில் நூல்கள் எழுதியவர் எனினும், இவரது வாழ்க்கைத் திருப்பங்கள் பலவற்றுக்கும் தமிழ்ப் பாடமே காரணமாக இருந்தது.

இளமையும் கல்வியும்

நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் சொக்கநாத பிள்ளை, சின்னம்மையார் இணையருக்கு மகனாகப் பிறந்தார். நாகப்பட்டினத்தில் வெசுலியன் மிசன் பள்ளியில் பயின்றார். தந்தையார் இறந்தபின் நான்காம் படிவத்திற்கு மேல் (இன்றைய ஒன்பதாம் வகுப்பு) படிப்பைத் தொடர இயலவில்லை. பிற்காலத்தில் பட்ட வகுப்பு மாணவர்களுக்குப் பாடஞ்சொன்ன இவர், தாம் எந்தப் பட்டமும் பெற்றவரல்லர்.

நாகப்பட்டினத்தில் புத்தக வணிகம் செய்துவந்த நாராயணசாமி பிள்ளை என்னும் புலவரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். சைவ சித்தாந்தத்தைச் சோமசுந்தர நாயகரிடம் பயின்றார். வடமொழியையும் ஆங்கிலத்தையும் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே கற்றுத் தேர்ந்தார். மனோன்மணீயம் ஆசிரியர் சுந்தரம் பிள்ளையின் அறிமுகம் பெற்று, திருவனந்தபுரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் சிறிது காலம் தமிழாசிரியராகப் பணியாற்றினார். 1897 இல் சித்தாந்த தீபிகை இதழின் தமிழ்ப் பதிப்பில் பணிபுரியச் சென்னைக்கு வந்தார்.

கிறித்தவக் கல்லூரியில்

1898 மார்ச்சு மாதம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அக்காலத்தில் அக்கல்லூரி உயர்நீதிமன்றத்திற்கு எதிரே எசுபிளனேடு பகுதியில் இருந்தது. அது தாம்பரத்திற்கு இடம் மாறியது 1937 இல்தான். ஆகவே அடிகள் தாம்பரம் வளாகத்தில் கற்பித்தவர் அல்லர். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் உண்டு.

ஆசிரியர் தேர்வு பற்றி ஒரு செய்தி வழங்கி வருகிறது. தேர்வாளராக இருந்த பரிதிமாற் கலைஞர் (வி. கோ. சூரியநாராயண சாத்திரியார்) குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டுக் கேட்டாராம். வேதாசலம் தமக்கு அது தெரியாது என்னும் பொருள்பட மூன்றே சொற்களில் விடை கூறினார். அருகிலிருந்தோர் அறியாமை என்று எண்ணினர். பரிதிமாற் கலைஞரோ உடனே அவரைத் தேர்ந்தெடுத்தார் என்பர். அஃது என்பது ஆய்தத்தொடர், எனக்கு என்பது வன்தொடர், தெரியாது என்பது உயிர்த்தொடர்; மூன்றுமே குற்றியலுகரங்கள். செவிவழிச் செய்தியே ஆனாலும், இலக்கண வகுப்புகளில் இன்றும் இது சொல்லப்படுகிறது. பரிதிமாற் கலைஞர் 1903 இல் தம் 33 ஆம் வயதில் இறக்கும்வரை இருவரும் ஒரே துறையில் பணியாற்றினர்.

அடிகளின் கற்பித்தல் முறையை அறிய முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை (1903), பட்டினப்பாலை ஆராய்ச்சியுரை (1906) ஆகிய நூல்கள் உதவும். இவை கல்லூரி மாணவர்க்குப் பாடமாக இருந்த பாட்டுகளுக்கு எழுதப்பட்டவை. அதுவரை பத்துப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் உரையே வழிகாட்டியாக இருந்தது. நச்சினார்க்கினியர் ஓரிடத்துச் சொல்லைப் பல அடிகள் தாண்டி வேறிடத்துச் சொல்லோடு கூட்டிப் பொருள் கொள்வது வழக்கம். அடிகள் இம்முறையை மறுத்தார். 103 அடிகளே கொண்ட முல்லைப்பாட்டு, போருக்குச் சென்ற அரசனுக்காகக் கார்காலத்தில் காத்திருக்கும் அரசியைப் பற்றியது. அதன் அடிகள் அமைந்த வரிசையிலேயே பொருள் காண வேண்டும் என்றும், காட்சிகளைப் புலவர் அவ்வாறு அடுக்கியதற்குக் காரணம் உண்டு என்றும் அவர் விளக்கினார். பாட்டின் காலம், பின்புலம், புனைதிறம் ஆகியவற்றை ஆங்கிலத் திறனாய்வு முறையைத் தழுவி ஆராய்ந்தார். சொற்பொருள் சொல்லி முடித்துவிடும் வகுப்புகளுக்குப் பழகிய மாணவர்களுக்கு இது புதிது. உரைமரபில் தோய்ந்த புலவர்கள் சிலர் இதனை ஏற்கவில்லை. நச்சினார்க்கினியர்பால் அடிகள் சற்றுக் கடுமையாகவே நடந்துகொண்டார் என்று கூறவும் இடமுண்டு. நாவலர் சோமசுந்தர பாரதியார் இவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர்.

தமிழ்ப் பாடம் நீங்கியமை

1904 ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தைத் தொடர்ந்து சென்னைப் பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்தை மாற்றியமைத்தது. பழைய எப்.ஏ. வகுப்பு நீங்கி இண்டர்மீடியட் வகுப்பு வந்தது. தாய்மொழி இலக்கியம் கட்டாயப் பாடமாக இருந்த நிலை மாறி, கட்டுரைப் பயிற்சி அளவில் சுருங்கியது. இதனால் கல்லூரிகளில் தமிழாசிரியர் தேவை குறைந்தது. உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்புகளிலும் அக்காலத்தில் வரலாறு, புவியியல் முதலிய பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடத்தப்பட்டன. தமிழ்ப் பண்டிதர் ஊதியத்திலும் மதிப்பிலும் ஏனைய ஆசிரியர்க்குக் கீழாகவே வைக்கப்பட்டார்.

1911 ஏப்ரலில் அடிகள் கல்லூரியை விட்டு நீங்கினார். அப்போது அவருக்கு வயது 34. மனைவி சவுந்தரவல்லியும் பிள்ளைகளும் அடங்கிய பெரிய குடும்பம் அவரைச் சார்ந்திருந்தது.

பல்லாவர வாழ்க்கை

அடுத்த மாதமே குடும்பத்துடன் பல்லாவரத்திற்குக் குடிபெயர்ந்தார். பரங்கிமலைக்கும் தாம்பரத்திற்கும் இடையே தொடர்வண்டிப் பாதையில் அமைந்த அவ்வூர் அன்று நகர ஆரவாரம் எட்டாத சிற்றூர். அவ்வாண்டிலேயே துறவு பூண்டு காவியுடை அணிந்தார். எனினும் குடும்பத்தை விட்டுப் பிரியவில்லை. சமரச சன்மார்க்க நிலையத்தை நிறுவி, 1902 இல் தாம் தொடங்கிய ஞானசாகரம் இதழை நடத்தினார். சொற்பொழிவும் நூல் விற்பனையுமே வருவாயாக இருந்தன. 1914 இல் இலங்கை சென்று உரையாற்றினார். பின்னரும் அங்குச் சென்றார். பல்லாவரத்தில் அவரிடம் தங்கிப் பயின்றவர்களுள் பின்னாளில் அழகரடிகள் எனப்பட்ட இளவழகனார் குறிப்பிடத்தக்கவர்.

தனித்தமிழ் இயக்கம் தோன்றியதும் ஒரு வகையில் வீட்டுப் பாடத்திலிருந்தே. 1916 இல் தம் மகள் நீலாம்பிகையுடன் உரையாடுகையில், வள்ளலார் பாடலொன்றில் உள்ள தேகம் என்னும் சொல்லுக்கு மாற்றாக யாக்கை என்னும் தமிழ்ச்சொல் நின்றால் ஓசை இனிமை மிகும் என்றார். அப்போது நீலாம்பிகைக்கு அகவை பதின்மூன்று அளவே. அன்று முதல் இருவரும் பிறமொழிச் சொல் கலவாமல் பேசவும் எழுதவும் உறுதி பூண்டனர். சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று; நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. மக்கள் திருஞானசம்பந்தன், மாணிக்கவாசகம் முறையே அறிவுத்தொடர்பு, மணிமொழி எனப் பெயர் பெற்றனர். தம் பழைய நூல்களையும் மறுபதிப்பின்போது தனித்தமிழாக்கினார்.

இவ்வியக்கத்தை வடமொழி அறியாமையின் விளைவு என்று கொள்வது பொருந்தாது. காளிதாசரின் சாகுந்தலத்தை 1907 இல் தமிழாக்கியவர் இவர். 1898 முதல் தம் நாட்குறிப்பை ஆங்கிலத்திலேயே எழுதிவந்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். வேளாளரைத் தமிழ் நாகரிகத்தின் மையமாக வைத்து அவர் எழுதியவை சாதிச் சார்புடையவை என்ற திறனாய்வு உண்டு. அதில் உண்மையும் உண்டு.

மாணவர்க்கான நூல்கள்

ஆங்கில எழுத்தாளர் அடிசனின் கட்டுரைகளைத் தழுவி எழுதிய சிந்தனைக் கட்டுரைகள், அறிவுரைக் கொத்து, சிறுவர்க்கான செந்தமிழ் ஆகியவை இளையோருக்குரியன. 1930களின் இறுதிக்குப் பின் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாகப் பரவியபோது கலைச்சொற்கள் தேவைப்பட்டன. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938 இல் கலைச்சொற்கள் என்னும் தொகுப்பை வெளியிட்டது. சரித்திரம் வரலாறாகவும், பூகோளம் புவியியலாகவும், பரீட்சை தேர்வாகவும், உபாத்தியாயர் ஆசிரியராகவும் பள்ளி வழக்கில் மாறியது பலரது உழைப்பால் படிப்படியாக நிகழ்ந்தது. அம்மாற்றத்தை விரும்பும் மனநிலையை உருவாக்கியதில் அடிகளுக்குப் பெரும் பங்குண்டு.

மறைவும் நினைவும்

1950 செப்டம்பர் 15 அன்று அடிகள் காலமானார். மணிமொழி நூல்நிலையம் என்னும் பெயரில் அவர் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 4000 நூல்களைக் கொண்டு, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958 இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலை அடிகள் நூலகத்தைத் தொடங்கியது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கேயுள்ள பழைய மர்மலாங் பாலத்தின் இடத்தில் கட்டப்பட்ட பாலம் இவர் பெயரைத் தாங்குகிறது. அங்கிருந்து பல்லாவரம், தாம்பரம் வழியாகத் தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் உள்ள மறைமலைநகரும் இவர் பெயரால் அமைந்ததே.