யுத்தத்துக்கும் சட்டமுண்டு என்றுரைத்த ஹியூகோ குரோஷியஸ்

யுத்தமொன்றை ஆரம்பித்த எந்தத் தரப்பும் தான் அநீதியான யுத்தத்தில் இறங்குவதாக உலகுக்கு அறிவித்ததில்லை. அயல்நாட்டுக்குள் படையை அனுப்புபவர் அதனைத் தற்காப்பு என்கிறார். பிறர் நிலத்தைக் கைப்பற்றுபவர் இழந்ததை மீட்பதாகக் கூறுகிறார். எளியோரைத் தாக்குபவர் குற்றவாளிகளைத் தண்டிப்பதாகச் சொல்கிறார். தற்காப்பு, மீட்பு, தண்டனை என்னும் இம்மூன்று காரணங்களையும் எடுத்து ஆராய்ந்து, எப்போது யுத்தம் நியாயமாகும், நியாயமான யுத்தத்திலும் செய்யத்தகாதவை எவை என்று வகுத்துச் சொன்னவர் ஒல்லாந்து தேசத்துச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் ஆவார். சர்வதேசச் சட்டத்தின் தந்தையெனப் பலராலும் போற்றப்படும் அவரது பிரதான நூலான 'யுத்தத்தினதும் சமாதானத்தினதும் சட்டம்' 1625 இல் வெளியாகி 2025 ஆம் ஆண்டுடன் 400 ஆண்டுகள் நிறைவெய்தின. அவரை நினைவுகூர்வதற்கு எமது நாட்டவருக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. எமது நீதிமன்றங்களில் இன்றும் வழக்கிலுள்ள உரோமன் டச்சுச் சட்டத்தின் மூலாசிரியர்களுள் அவரும் ஒருவர்.

குரோஷியஸ் 1583 ஏப்ரல் 10 ஆம் திகதி டெல்ஃப்ற் நகரில் பிறந்தார். ஸ்பானிய முடியாட்சிக்கு எதிராக ஒல்லாந்தர் ஆயுதமேந்திப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. அவர் ஒரு வயதுக் குழந்தையாயிருந்தபோது, அப்போராட்டத்தின் தலைவரான வில்லியம் இளவரசர் அதே நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். யுத்தம் ஓயாத சூழலில் வளர்ந்த அச்சிறுவன் 11 வயதிலேயே லைடன் பல்கலைக்கழகத்தில் அனுமதி பெற்றான். 15 வயதில் தூதுக்குழுவொன்றுடன் பிரான்ஸ் சென்று, ஓர்லியன்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டக் கலாநிதிப் பட்டத்துடன் நாடு திரும்பி, மறு ஆண்டே ஹேக் நகரில் சட்டத்தரணியாகத் தொழிலை ஆரம்பித்தான். மேதைமைக்கு எடுத்துக்காட்டாக ஐரோப்பா முழுவதும் அப்பெயர் பேசப்படலாயிற்று.

ஆயினும், யுத்தச் சட்டம் குறித்து அவர் முதன்முதலில் எழுதப் புகுந்தது மனிதகுலத்தின் நன்மையை நாடியல்ல. கட்சிக்காரர் ஒருவருக்காகவே எழுதினார். 1603 பெப்ரவரி 25 ஆம் திகதி, சிங்கப்பூர் நீரிணைக்கு அண்மையில், ஒல்லாந்துக் கப்பற்றலைவர் ஜேக்கப் வான் ஹீம்ஸ்கேர்க் 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துக்கேயக் கப்பலைக் கைப்பற்றினார். சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்திருந்த அக்கப்பலின் சரக்கு ஆம்ஸ்டர்டாமில் ஏலத்தில் விடப்பட்டபோது 30 இலட்சம் கில்டர்களுக்கும் அதிகமான தொகை கிடைத்தது. கடற்கொள்ளையில் வந்த பணத்தைத் தொடமாட்டோமெனப் பங்குதாரர்கள் சிலர் மனச்சாட்சியின் பேரில் மறுத்தனர். இந்நிலையில், அச்செயலை நியாயப்படுத்தி எழுதித்தருமாறு 1602 இல் நிறுவப்பட்ட ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி இளம் குரோஷியஸை நாடியது. அவரும் கப்பற்பொருளைக் கைக்கொள்ளும் உரிமை பற்றிப் பெரியதொரு நூலை எழுதினார். அந்நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. அதன் கையெழுத்துப் பிரதி 1864 இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

எனினும் அதன் ஓர் அத்தியாயம் 1609 இல் 'சுதந்திரக் கடல்' என்ற பெயரில் ஆசிரியர் பெயரின்றி வெளியிடப்பட்டது. கடல் எவருக்கும் சொந்தமல்ல, கிழக்கு நாடுகளுடன் வணிகம் செய்வதைத் தடுக்கும் உரிமை போர்த்துக்கேயருக்கு இல்லை என்பதே அதன் வாதம். அதற்காக அவர் முன்வைத்த நியாயத்தில் எமது தீவின் பெயரும் இடம்பெற்றுள்ளது. யாவா, இலங்கை, மொலுக்காத் தீவுகள் என்பன தமக்கென அரசர்களையும் ஆட்சியையும் சட்டங்களையும் கொண்டவை. கண்டுபிடித்தோம் என்பதனாலோ பாப்பரசரின் கொடை என்பதனாலோ மக்கள் கிறிஸ்தவர்களல்லர் என்பதனாலோ அவை எவருக்கும் உடைமையாகிவிடா என்று அவர் நிறுவினார். அந்த வரிகள் அச்சேறியபோது நல்லூரில் யாழ்ப்பாண அரசு இன்னும் இருந்தது. பத்து ஆண்டுகளில், 1619 இல், அதனைப் போர்த்துக்கேயர் வீழ்த்தினர். 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றித் தனதாக்கிக்கொண்டது, எந்தக் கம்பனிக்காகக் குரோஷியஸ் இவ்வாதத்தை எழுதினாரோ அதே கம்பனிதான். எமது மன்னர்களின் உரிமை, போர்த்துக்கேயரை விலக்குவதற்கு வேண்டியிருந்த வரையில் மாத்திரமே அக்கம்பனிக்கு நினைவிலிருந்தது.

இந்த முரண்பாடு குரோஷியஸின் வாழ்நாளிலேயே அவர் முன் வந்து நின்றது. கிழக்கிந்திய வணிகம் குறித்து ஆங்கிலேயருடன் பேசுவதற்கு 1613 இல் அவர் இலண்டன் சென்றார். வாசனைத் திரவிய வணிகத்தில் தமக்கும் பங்கு வேண்டுமெனக் கேட்ட ஆங்கிலேயர், 'சுதந்திரக் கடல்' நூலின் வாதங்களையே எடுத்து அவருக்கு எதிராக முன்வைத்தனர். அவரோ, உள்ளூர் ஆட்சியாளர்களுடன் கம்பனி செய்துகொண்ட ஒப்பந்தங்களைக் காட்டி அதன் ஏகபோகத்தை நியாயப்படுத்த நேர்ந்தது. சட்டம் வலியவனின் கைக்கருவியாவது எவ்வளவு எளிது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

பின்னர் அதே சட்டம் அவர்மீதே பாய்ந்தது. இறைவனின் முன்நியமம் பற்றிய சமயத் தர்க்கம் ஒல்லாந்தை இரண்டாகப் பிளந்தபோது, சகிப்புத்தன்மையை வலியுறுத்திய ஓல்டன்பார்னவெல்ட் என்னும் முதுபெரும் அரசியல்வாதியின் பக்கம் குரோஷியஸ் நின்றார். இராணுவத் தளபதியான மொரிஸ் இளவரசர் எதிர்த்தரப்பை ஆதரித்தார். 1618 ஆகஸ்டில் ஓல்டன்பார்னவெல்டும் குரோஷியஸும் கைது செய்யப்பட்டனர். எழுபது வயதைக் கடந்திருந்த ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே 13 ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டார். குரோஷியஸுக்கு ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டு, அவர் லூவஸ்டைன் கோட்டையில் அடைக்கப்பட்டார்.

அங்கு அவருக்குப் புத்தகங்கள் அனுமதிக்கப்பட்டன. பெரிய பெட்டியொன்றில் அவை வருவதும் போவதும் வழக்கமாயிற்று. காலப்போக்கில் காவலர்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பதைக் கைவிட்டதை அவதானித்தவர் அவருடன் கோட்டையில் தங்கியிருந்த மனைவி மரியா. 1621 மார்ச் 22 ஆம் திகதி அப்பெட்டிக்குள் புத்தகங்களுக்குப் பதிலாகக் குரோஷியஸ் சுருண்டு படுத்தார். எல்ஸ்யே என்ற பணிப்பெண் துணைவரப் பெட்டி படகேறி அயல் நகரை அடைந்தது. அங்கிருந்து கொத்தனார் வேடம் பூண்டு எல்லை கடந்த அவர் பாரிஸ் நகரைச் சென்றடைந்தார். சிறையில் அவர் தாய்மொழியில் எழுதிய ஒல்லாந்துச் சட்டத்துக்கான அறிமுக நூல் 1631 இல் வெளியானது. எமது நாட்டில் நியதிச் சட்டங்களும், தேசவழமை, கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம் ஆகியனவும் ஏற்பாடு செய்யாத விடயங்களில் ஆளுகை செய்யும் பொதுச் சட்டத்தின் ஆதாரங்களுள் ஒன்றாக அந்நூல் விளங்குகின்றது.

அகதியாக வாழ்ந்த பாரிஸில்தான் குரோஷியஸ் தமது பெருநூலை நிறைவுசெய்தார். 1618 இல் மூண்ட முப்பதாண்டு யுத்தம் மத்திய ஐரோப்பாவைச் சுடுகாடாக்கிக்கொண்டிருந்தது. அற்பக் காரணங்களுக்காகவும் காரணமே இன்றியும் ஆயுதமெடுப்பதையும், எடுத்த பின்னர் தெய்வீக நீதியும் மானிட நீதியும் மறக்கப்படுவதையும் கண்டு மனம் நொந்ததே தம்மை எழுதத் தூண்டியதென்பதை முன்னுரையில் அவர் தெரிவித்துள்ளார். முன்னர் கம்பனிக்காக எழுதியவர் இப்போது எந்தக் கட்சிக்காரருமின்றி எழுதினார். இழைக்கப்பட்ட அல்லது இழைக்கப்படவிருக்கும் அநீதியே யுத்தத்துக்கான நியாயமான காரணம் என்றார். அயல்நாடு வலிமை பெற்று வருகிறதென்ற அச்சம் மட்டும் தாக்குவதற்குக் காரணமாகாது. வளமான நிலத்தின் மீதான ஆசையும், பிறரை அவர்களது நன்மைக்காகவே ஆள்கிறோமென்ற வாதமும் காரணமாகா. காரணத்தின் நியாயம் ஐயத்துக்கிடமாயின் யுத்தத்தைத் தவிர்த்துப் பேச்சையும் நடுத்தீர்ப்பையும் நாட வேண்டும் என்பன அவரது முடிவுகளாயின.

இவற்றினும் மேலானது அந்நூலின் மூன்றாவது பாகம். அன்றைய வழமை வெற்றி பெற்றோருக்கு எவற்றையெல்லாம் அனுமதித்தது என்பதை முதலில் அவர் ஈவிரக்கமின்றிப் பட்டியலிடுகிறார். கைதிகளைக் கொல்லலாம், பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொல்லலாம், நகரங்களை அழிக்கலாம் என்று அது நீள்கிறது. பின்னர், தண்டனையின்றிச் செய்யக்கூடியது வேறு, நியாயமாகச் செய்யத்தக்கது வேறு என்று பிரித்து, கொடுத்த ஒவ்வோர் அனுமதியையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுகிறார். குழந்தைகள், பெண்கள், முதியோர், குருமார், உழவர், வணிகர், சரணடைந்தோர், கைதிகள் ஆகியோரின் உயிர் காக்கப்பட வேண்டும். யுத்தத்தின் காரணம் நியாயமானதாயினும் இக்கடமை குறையாது. யுத்தம் ஏன் என்ற கேள்வியையும் யுத்தம் எவ்வாறு என்ற கேள்வியையும் தனித்தனியே நிறுத்தி, முதலாவதற்குக் கிடைக்கும் விடையைக் கொண்டு இரண்டாவதை மூடிவிட முடியாதென்று காட்டியதே அவரது நிலைத்த கொடை என நாம் கருதுகிறோம்.

இச்சிந்தனை ஐரோப்பாவில் மட்டுமே முளைத்ததன்று. அபூஹனீபா இமாமின் மாணாக்கரும் ஹாரூன் அல் ரஷீதின் காலத்தில் நீதிபதியாகப் பணியாற்றியவருமான முஹம்மத் அல் ஷைபானி, 'சியர்' எனப்படும் துறையில் யுத்தம், உடன்படிக்கை, கைதிகள், தூதர்கள் பற்றிய சட்டங்களைத் தொகுத்தளித்து 805 இல் மறைந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞரான ஹாமர் பூர்க்ஸ்டால் அவரை முஸ்லிம்களின் குரோஷியஸ் என அழைத்தார். எட்டு நூற்றாண்டுகள் முந்தியவர் ஷைபானி என்பதால், ஒப்புமையை மறுபுறமாகத் திருப்புவதே பொருத்தமாகும். குரோஷியஸ் தமது சமய நூலொன்றில் இஸ்லாத்தை மறுத்து வாதிட்டவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் வேற்றுச் சமயத்தாருடன் செய்யும் உடன்படிக்கை செல்லுபடியாகும், கிறிஸ்தவத்தை ஏற்க மறுப்பதற்காக எவர் மீதும் யுத்தம் தொடுக்கலாகாது என்பவற்றைச் சட்டமென எழுதியவரும் அவரே.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. அடிமை முறையை அவர் சட்டத்துக்கு உட்பட்டதென ஏற்றார். இயற்கைச் சட்டத்தைப் பாரதூரமாக மீறுவோரைத் தண்டிக்க அரசர்கள் தொலைதேசத்திலும் யுத்தம் செய்யலாமென அவர் திறந்த கதவு, பின்னாளில் பேரரசுகள் நுழைவதற்கு வசதியாயிற்று. யாவற்றுக்கும் மேலாக, காரணம் நியாயமானதா எனத் தீர்ப்பளிப்பவர் யார் என்ற கேள்விக்கு அவரிடம் திடமான விடை இருக்கவில்லை.

1631 இல் நாடு திரும்பிய அவரைத் தாயகம் ஏற்கவில்லை. மறு ஆண்டே வெளியேற நேர்ந்தது. பின்னர் பத்தாண்டுகள் பாரிஸில் சுவீடன் நாட்டின் தூதுவராகப் பணியாற்றினார். 1645 இல் அப்பதவியும் நீங்கி, சுவீடனிலிருந்து திரும்புகையில் கப்பல் புயலில் சிக்கிப் பால்டிக் கரையில் ஒதுங்கியது. நோயுற்ற நிலையில் தரைவழியே பயணித்தவர் ஆகஸ்ட் 28 ஆம் திகதி ஜேர்மனியின் ரொஸ்டொக் நகரில் 62 ஆவது வயதில் காலமானார். மூன்று ஆண்டுகளின் பின்னர், 1648 இல், வெஸ்ட்பேலியா சமாதானம் கைச்சாத்தானது. உயிருடன் வாழவிடாத தாயகம் அவரது உடலை டெல்ஃப்ற் தேவாலயத்தில் அடக்கம் செய்தது. ஹேக் நகரின் சமாதான மாளிகை திறக்கப்பட்டது 1913 இல், அதே ஆகஸ்ட் 28 ஆம் திகதியாகும்.

இன்று அம்மாளிகையில் சர்வதேச நீதிமன்றம் இயங்குகின்றது. 1945 இன் ஐக்கிய நாடுகள் சாசனம் பலப்பிரயோகத்தைத் தடைசெய்து, ஆயுதத் தாக்குதலுக்கெதிரான தற்காப்பையும் பாதுகாப்புச் சபையின் அனுமதியையும் மாத்திரம் விதிவிலக்காக்கியது. ஆனால் 2003 இல் ஈராக் மீது படையெடுத்தவர்களும் 2022 இல் உக்ரேனுக்குள் நுழைந்தவர்களும் சட்டத்தின் சொற்களைக் கொண்டே தம்மை நியாயப்படுத்தினர். காஸா தொடர்பில் தென்னாபிரிக்கா தொடுத்த வழக்கில் அந்நீதிமன்றம் 2024 ஜனவரி 26 இல் இடைக்கால நடவடிக்கைகளைக் கட்டளையிட்ட பின்னரும் அங்கு மரணங்கள் ஓயவில்லை. அந்நீதிமன்றத்தில் அமர்ந்த எமது நாட்டு நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி, 1996 இல் அணுவாயுதம் குறித்து எழுதிய மாறுபட்ட தீர்ப்பில், எந்தச் சூழ்நிலையிலும் அவ்வாயுதப் பிரயோகம் சட்டவிரோதமானது என நிலைநாட்டினார். தற்காப்பும் எல்லையற்ற உரிமையன்று என்பதே அதன் பொருள்.

யுத்தத்தின் காரணத்தைப் பற்றி இந்நாட்டில் நாம் பல தசாப்தங்களாக விவாதித்து வருகின்றோம், இனியும் விவாதிப்போம். ஆனால் 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் 2009 இல் முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்த தமிழ்க் குடும்பங்களும் கேட்பது அந்த விவாதத்துக்கான விடையை அல்ல. தங்களுக்கு இழைக்கப்பட்டது எந்தக் காரணத்தின் பேரிலும் செய்யத்தகாதது என்ற ஒப்புதலையே அவர்கள் கேட்கின்றார்கள். தத்தம் தரப்பின் இலட்சியம் நியாயமானதெனச் சொல்லி அந்த ஒப்புதலை மறுப்பது, நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் அகதி ஒருவர் பிரித்துவைத்த இரண்டு கேள்விகளையும் மீண்டும் ஒன்றாக்கிக் குழப்புவதாகும். எதிரியின் குற்றத்தை அளக்கும் அதே கோலால் எம்மவரின் செயலையும் அளக்க நாம் முன்வராதவரை, சட்டம் எம்மிடமும் வெறும் வாதமாகவே எஞ்சும்.