80 மாதச் சம்பளத்தில் ஒரு புரொஜெக்டர்: உலக சினிமாவை ஊர் ஊராகச் சுமந்த சாமிக்கண்ணு வின்சென்ட்

திருப்பூரில் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்து, போனில் கொரியப் படமோ ஈரானியப் படமோ பார்க்கிறவர்கள் இப்போ நிறையப் பேர். மொழி புரியாவிட்டால் என்ன, சப்டைட்டில் இருக்கிறதே. ஆனால் பக்கத்து ஊரான கோவையில் பிறந்த ஒருவர், 1905-லேயே வெளிநாட்டுப் படச்சுருள்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். அவருக்கு சப்டைட்டில் தேவைப்படவில்லை. அந்தப் படங்கள்தான் பேசவே இல்லையே!

யார் இந்த வின்சென்ட்?

1883-ல் பிறந்தவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் போடும் வேலை. மாதச் சம்பளம் 25 ரூபாய். டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டியபடி திருச்சிக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. சாமான்களை விற்றுவிட்டு நாடு திரும்பினால் போதும் என்ற நிலைமை. 22 வயது வின்சென்ட், புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் சுமார் 2,000 ரூபாய்க்கு வாங்கினார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 80 மாதச் சம்பளம். கையோடு வேலையையும் விட்டார். ரயில்வே உத்தியோகம் என்றால் பெண் கொடுக்க வீடு தேடி வந்த காலம் அது. வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுக்காரர் கழித்துவிட்ட மெஷினை செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டு, அதிலேயே தொழிலை உண்டாக்குவது திருப்பூர்க்காரர்களுக்குப் பழக்கமான கதைதான். திருப்பூருக்குப் பின்னலாடை மெஷின் வருவதற்கு முன்பே சினிமாவில் அதைச் செய்தவர் வின்சென்ட்.

ஏன் ஊர் ஊராகச் சுற்றினார்?

அந்தக் காலத்தில் படச்சுருளை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் பெரிதாக இல்லை. துணியை மீட்டர் கணக்கில் விற்பதுபோல படத்தை அடிக்கணக்கில் விற்பார்கள். வாங்கியவரிடம் இருப்பது அந்தச் சில சுருள்கள்தான். ஒரு ஊரே பார்த்து முடித்துவிட்டால் அங்கே வேலையில்லை. படத்தை மாற்ற முடியாது, ஊரைத்தான் மாற்றணும். அதனால்தான் கூடாரம். திருச்சியில் தொடங்கியவர் வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும் போனார். கடல் தாண்டி பர்மா, மலேயாவுக்கும் போனார். மின்சாரம் இல்லாத ஊர்கள், கையால் சுற்றும் புரொஜெக்டர், சட்டென்று தீப்பிடிக்கும் நைட்ரேட் படச்சுருள். ஒரு சுருள் எரிந்தால் முதலும் சேர்ந்து எரிந்தது என்று அர்த்தம்.

அவரிடம் இருந்த படங்களில் முக்கியமானது ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம். இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பின்னாளில் இந்திய சினிமாவின் தந்தை என்று பெயர் எடுத்த தாதாசாகேப் பால்கே, பம்பாயில் ஏசு படம் ஒன்றைப் பார்த்த பிறகுதான் சினிமா எடுக்கும் முடிவுக்கு வந்தார். அதற்குச் சில வருஷங்கள் முன்பே, தெற்கே கூடாரத்துக்குள் வின்சென்ட் ஏசு படத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வந்தது 1913-ல். அதுவரை நம்ம ஆட்கள் சினிமா என்று பார்த்தது பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்களைத்தான். முதல் உலகப் போருக்கு முன் உலகச் சந்தையில் ஹாலிவுட்டைவிடப் பெரிய கை பிரான்சின் பாத்தே கம்பெனி. உலக சினிமா என்று தனியாக ஒரு பெயர் அன்றைக்குத் தேவைப்படவே இல்லை; சினிமா என்றாலே அதுதான்.

1909-ல் சென்னை எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் போட்டார். பாத்தே கம்பெனியின் புரொஜெக்டர்களை இங்கே விற்கும் ஏஜென்ட்டாகவும் ஆனார். அவரிடம் மெஷின் வாங்கியவர்களும் படம் காட்டக் கிளம்பினார்கள். அப்படியே தொழில் பரவியது.

1914-ல் சொந்த ஊரான கோவைக்குத் திரும்பி வெரைட்டி ஹால் என்ற நிரந்தர தியேட்டரைக் கட்டினார். பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் பெருகியது 1930-களில். அதற்குக் கிட்டத்தட்ட 20 வருஷம் முன்பே இந்த தியேட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. ஊர் மாறாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் கணக்கு தலைகீழ்: இப்போ படத்தை மாற்றிக்கொண்டே இருக்கணும்.

பேசும்படம் வந்ததும் என்ன ஆச்சு?

1931-ல் ‘காளிதாஸ்’ வந்தது. படம் பேச ஆரம்பித்ததும், எந்த ஊர்ப் படமும் எந்த ஊரிலும் ஓடலாம் என்ற பழைய வசதி போய்விட்டது. ஜனங்கள் தமிழ் கேட்டார்கள். வெளிநாட்டுப் படத்தால் வளர்ந்த மனுஷன், 50 வயதில் தானே தமிழ்ப்படத் தயாரிப்பாளர் ஆனார். தெற்கே ஒலிப்பதிவு ஸ்டூடியோ இல்லாததால் கல்கத்தா வரை போய், அங்கிருந்த பயனீர் ஃபிலிம் கம்பெனியோடு சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ எடுத்தார். டி.பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படம் 1933-ல் வெளியாகி நன்றாக ஓடியது. அடுத்து, 1935-ல் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோஸ் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். படம் எடுக்க இனி கல்கத்தா ரயில் ஏற வேண்டியதில்லை.

அவர் இறந்தது 1942-ல். வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. கோவை டவுன்ஹால் பக்கம் போனால் வெரைட்டி ஹால் ரோடு என்று பஸ் கண்டக்டர்கூடச் சொல்வார்.