அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத்

1991ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பெற்ற நாகை மாவட்டத்திற்கு நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று பெயர் சூட்டப்பெற்றது. தெற்கே நாகூரும் வடக்கே தரங்கம்பாடியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. இடையிலிருந்த நம் காரைக்கால் மட்டும் புதுவையைச் சேர்ந்தது. 1997இல் மாவட்டங்களுக்கு இடப்பட்டிருந்த தலைவர் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன. ஆதலின் இன்றைய மாணவருள் பலர்க்கு அப்பெருமகனார் மேடைப்பேச்சில் கேட்ட ஒரு பெயர் மட்டுமே. உத்தரகாண்ட் சட்டமன்றம் 2024இல் பொது சிவில் சட்டத்தை நிறைவேற்றிய பின்னர், வகுப்பறையிலும் அவ்வழக்கு நுழைந்துவிட்டது. அவ்வழக்கின் வேரை அறிய விரும்புவோர் முதலில் படிக்கவேண்டியது காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் வாழ்க்கையையே என்பது நம் கருத்து.

அவர்கள் 1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். கல்லூரிப் படிப்பு நிறைவுறும் தறுவாயில் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுத் தேர்வைத் துறந்து வெளியேறினார்கள். பின்னர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்டார்கள். சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைமை அவர்களிடம் வந்தது. 1946 தேர்தலுக்குப்பின் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராயினார்கள். சீனப் படையெடுப்பின்போது தம் மகனையே படைக்கு அனுப்ப முன்வந்த செய்தியைப் பெரியோர் அறிவர். அதனை ஈண்டு விரிக்கவேண்டியதில்லை. நாம் சொல்ல வந்தது அவர்கள் வென்ற கதையன்று, தோற்ற கதை.

நாடு பிளவுண்டபின் லீகை முற்றிலும் கலைத்துவிடவேண்டும் என்னும் குரல் முஸ்லிம்களிடையே ஓங்கியிருந்தது. 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டம் அதனை ஏற்கவில்லை. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாயிற்று. அதன் தலைவராக இஸ்மாயில் சாஹிப் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அக்காலத்தில் அப்பெயரைத் தாங்கி டெல்லியில் எழுந்து நிற்பதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டியிருந்தது என்பதை இன்று நாம் ஊகித்துத்தான் உணர முடியும். அவ்வாறு அவர்கள் எழுந்து நின்ற இடமே அரசியல் நிர்ணய சபை.

1948 நவம்பர் 23ஆம் நாள் வரைவுச் சட்டத்தின் 35ஆம் விதி அவையின் முன் வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சிவில் சட்டம் அமைக்க அரசு முயலவேண்டும் என்னும் இவ்விதியே இன்று 44ஆம் விதியாக உள்ளது. இதனை நீதிமன்றம் வாயிலாக நிலைநாட்டத்தக்க உரிமையாகவே வைக்கவேண்டுமென மினூ மசானி, ஹன்சா மேத்தா, ராஜகுமாரி அம்ரித் கௌர் ஆகிய மூவரும் 1947இல் துணைக்குழுவில் வாதிட்டிருந்தனர். குழுவின் பெரும்பான்மை இசையாமையால் அது வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது.

இஸ்மாயில் சாஹிப் அவர்கள் இவ்விதிக்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்கத் திருத்தம் கொணர்ந்தார்கள். தனக்கெனத் தனியார் சட்டம் உடைய எந்தச் சமூகமும் அதனைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்பதே அத்திருத்தம். அதில் முஸ்லிம் என்னும் சொல் இல்லை என்பதைக் கருதவேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்துவரும் சட்டம் மக்களின் வாழ்க்கைமுறையோடு பிணைந்தது. சமயச்சார்பற்ற அரசு அதில் தலையிடலாகாது. ஒற்றுமை என்பது எல்லாரையும் ஓரச்சில் வார்ப்பதால் வருவதன்று என்று அவர்கள் வாதிட்டார்கள். முதல் உலகப் போருக்குப்பின் யூகோஸ்லாவியா தன் முஸ்லிம் குடிகளின் குடும்பச் சட்டத்தைக் காப்பதாக உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டதையும் எடுத்துக்காட்டினார்கள்.

கே.எம்.முன்ஷி, அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், டாக்டர் அம்பேத்கர் ஆகியோர் மறுத்தனர். வடமேற்கு எல்லை மாகாணத்து முஸ்லிம்கள் 1935வரை ஷரீஅத்தின்கீழ் இருந்ததில்லை என்பதையும், வடமலபார் முஸ்லிம்கள் மருமக்கள்தாய முறையைப் பின்பற்றியதையும் அம்பேத்கர் சுட்டினார். ஆயினும், தொடக்கத்தில் பொதுச் சட்டத்திற்கு உட்பட விரும்பி உறுதிமொழி தருவோர்க்கு மட்டும் அது பொருந்துமாறு நாளைய நாடாளுமன்றம் வகைசெய்யலாம் என்றும் அவர் சொல்லிவைத்தார். திருத்தம் தோற்றது. தனியார் சட்டத்தை அடிப்படை உரிமைகளுள் சேர்க்க அவர்கள் பின்னர்ச் செய்த முயற்சியும் ஈடேறவில்லை.

அம்பேத்கர் குறித்த அந்த விருப்ப வழி காரைக்காலார்க்குப் புதிதன்று. அன்று நம் ஊர் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள்தான் ஆட்சி இந்திய அரசின் கைக்கு வந்தது. இங்குள்ள மக்களை அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியும் விசாரிக்கவேண்டும் என்று 1819ஆம் ஆண்டின் ஆணை விதித்திருந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாளைய ஆணையோ, விரும்பியோர் தம் தனியார் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்திற்கு உட்படலாம் என்றது. அவ்வாறு உட்பட்டோரே ரெனோன்சான் எனப்படுவோர். ஒருமுறை துறந்தால் மீள முடியாது. துறந்தவனின் மனைவியும் இளம்பிள்ளைகளும் அவனோடு சேர்ந்தே அச்சட்டத்திற்கு உட்பட்டனர்.

இக்கடைசிச் செய்தியில் நாம் சற்றே நிற்கவேண்டும். கணவன் ஒருவன் கையெழுத்திட்டால் மனைவியின் சட்டமும் மாறிற்று. அதுபோலவே காயிதே மில்லத் அவர்களின் திருத்தமும் அரசின் கையிலிருந்து சமூகத்தைக் காத்ததே அன்றி, சமூகத்தினுள் தனித்து நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஏதும் பேசவில்லை. அக்குறையை மறைத்து அவர்களைப் போற்றுவது அவர்கட்குப் பெருமையன்று. 1985இல் ஷாபானு வழக்கிலும், ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாதெனத் தீர்ப்பான 2017ஆம் ஆண்டு வழக்கிலும் நீதிமன்றப் படியேறியவர்கள் நம் பெண்களே. சமூகத்தின் சார்பில் பேசும் உரிமை யாருடையது என்று நம் மாணவியர் கேட்கிறார்கள். அது தக்க வினா. எனினும், பெரும்பான்மையின் விருப்பமே எல்லார்க்கும் சட்டமாகிவிடலாகாது என்னும் அவர்தம் அச்சமும் பொய்யச்சமன்று. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே கடினம். நமக்கும் கடினமாகவே இருக்கிறது.

1949 மே மாதம் தனித்தொகுதி கேட்டு அவர்கள் கொணர்ந்த திருத்தத்தை முஸ்லிம் உறுப்பினர் பலரே எதிர்த்தனர். அவையிலிருந்த ஒரே முஸ்லிம் பெண் உறுப்பினரான பேகம் ஐஜாஸ் ரசூல் அவர்களும் தனி ஒதுக்கீடு வேண்டாம் என்னும் அணியிலேயே நின்றார்கள். சர்தார் பட்டேல் கடுமையாகவே விடையிறுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தில் காயிதே மில்லத் அவர்கள் மீண்டும் எழுந்தார்கள். தொன்மையே அளவுகோலாயின் தமிழுக்கன்றோ அவ்விடம் உரியது என்று நினைவூட்டினார்கள். தமிழ்த்துறையினராகிய நாம் இதனைச் சற்றுப் பெருமிதத்தோடே எழுதுகிறோம். அங்கும் அவர்கள் வெல்லவில்லை.

இத்தனை தோல்விக்குப் பின்னும் அவர்கள் அவ்வரசியல் சட்டத்தைப் புறக்கணித்தாரில்லை. அதன்படி அமைந்த மாநிலங்களவையில் 1952இல் உறுப்பினராயினார்கள். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி அவர்களை மக்களவைக்கு அனுப்பியது. தாம் தோற்ற அவ்வாதங்களை அங்கும் முறைப்படி எழுப்பிவந்தார்கள். 1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் மறைந்தார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்கள். அப்போதும் அவர்கள் மஞ்சேரித் தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்கள்.