திறந்த வழி மீண்டும் அடைத்தால்...

வீட்டுக் குழாய் அடைத்தால் குத்தி எடுப்போம், இல்லாட்டி மாற்றிவிடுவோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்தால்? அந்தக் கேள்வியோடு வாழ்ந்த டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1939-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். அப்பாவைப் போர் கொண்டுபோய்விட்டது. ஹைடல்பர்க்கில் மருத்துவம் படித்து, சுவிட்சர்லாந்தின் சூரிச்சுக்கு வேலைக்கு வந்தார். அமெரிக்காவில் டாக்டர் சார்லஸ் டாட்டர் 1964-லேயே காலில் அடைத்த ரத்தக் குழாயை, மெல்லிய குழாயைச் செருகித் திறந்திருந்தார். அதன் நுனியில் ஒரு பலூன் வைத்தால் என்ன என்று இவர் யோசித்தார். சாதாரண ரப்பர், அடைப்பை நெருக்காமல் இரண்டு பக்கமும் உப்பிவிடும். ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஹாப், பி.வி.சி.யைப் பயன்படுத்தச் சொன்னார். ஆமாம், நம்ம வயரிங் பைப் செய்கிற அதே பி.வி.சி.தான்! மனைவியும் உதவியாளர் மரியாவும் கூட இருக்க, வீட்டுச் சமையலறை மேசையிலேயே வெட்டி ஒட்டிப் பலூன் செய்தார்.

1977 செப்டம்பர் 16 அன்று, 38 வயதுக்காரர் ஒருவரின் இதயக் குழாயில் அதை ஊதினார். நெஞ்சைப் பிளக்காமலே வழி திறந்தது!

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. சில மாதங்களில் சிலருக்கு அதே இடம் மறுபடி சுருங்கியது. விரித்த சுவர் பின்வாங்கும். காயம் ஆறும்போது உள்ளே தசை வளர்ந்து வழியைக் குறுக்கும். பலூன் மட்டுமே இருந்த காலத்தில் ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்கு இந்தக் கதி. அவர் மழுப்பவில்லை. 1979-இல் முதல் 50 பேரின் கணக்கை வெளியிட்டபோது, 32 பேருக்குத்தான் பலித்தது என்று எழுதினார். மறுபடி சுருங்கியதையும் சொன்னார். சுருங்கியவர்களுக்குத் திரும்பவும் பலூன் வைத்தார்.

1980-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவுக்குப் போனார். 1985 அக்டோபர் 27-இல், தாமே ஓட்டிய விமானம் விழுந்து 46 வயதில் இறந்தார். ஐந்தே மாதத்தில், 1986 மார்ச்சில், பிரான்சின் துலூஸ் நகரில் இதயக் குழாய்க்குள் முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. சுவரைப் பின்வாங்க விடாமல் தாங்கும் கம்பிவலை அது. தசை வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் 2000-க்குப் பிறகு வந்தது. மறு அடைப்பு வெகுவாகக் குறைந்தது. இதில் எதையும் அவர் பார்க்கவில்லை. 1977-இல் திறந்த அந்த முதல் குழாயை 1987-இல் சோதித்தார்கள். திறந்தேதான் இருந்தது!

லேபில் ரீடிங் சரியாக வரவில்லை என்றால், பக்கத்துப் பையன் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவன் நான். தப்பின கணக்கையும் ஒருவர் எழுதி வைத்தால்தானே, குறை எங்கே என்று அடுத்தவர் தேட முடியும்? இனிமேல் வந்த ரீடிங்கையே எழுதப்போகிறேன். மார்க் போனால் போகட்டும்!