சபை முழுக்க ஆண்கள். நடுவே ஒரே ஒரு பெண்! சட்டத்தை மாற்றிக் காட்டிய புதுக்கோட்டை டாக்டர்

வல்லத்திராக்கோட்டை, ஜூலை.30-

வல்லத்திராக்கோட்டை ஆரம்ப சுகாதார நிலையம் ஆகட்டும், புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரி ஆகட்டும், கர்ப்பிணிகள் பெயர் பதியப் போனால் ஒரு திட்டத்தின் பெயரைக் கேட்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டம். பணம் வந்ததா, வரவில்லையா என்று கேட்பவர்கள் ஏராளம். யார் இந்த முத்துலட்சுமி என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

அவர் வேறு யாரும் இல்லை. நம்ம புதுக்கோட்டைக்காரர்!

பெண் எம்.எல்.ஏ.க்களுக்கும் பஞ்சாயத்து தலைவிகளுக்கும் இப்போது பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு சட்டமோ தீர்மானமோ வந்தால், அதனால் பெண்களுக்கு என்ன நன்மை, என்ன கெடுதல் என்று பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். கிராம பஞ்சாயத்து முதல் பாராளுமன்றம் வரை உள்ள பெண் பிரதிநிதிகளுக்காக தேசிய மகளிர் ஆணையம் 2021 டிசம்பரில் இப்படி ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது.

ஏறக்குறைய 100 வருஷத்துக்கு முன்னால் பயிற்சியும் கிடையாது, சொல்லித் தர ஆளும் கிடையாது. தனியாகப் போய் உட்கார்ந்து, தானே கற்றுக்கொண்டு சட்டம் கொண்டு வந்தவர்தான் இந்த டாக்டர் அம்மா.

திரைக்குப் பின்னால் படிப்பு

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்களின் ஆட்சி. அப்பா நாராயணசாமி அய்யர் கல்வித் துறைக்காரர். அம்மா சந்திரம்மாள், கோவிலில் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த இசை வேளாளர் குலம். அந்தக் குலத்துப் பெண் பிள்ளைகளின் கதி என்ன என்பது முத்துலட்சுமிக்கு புத்தகம் படித்துத் தெரிந்த சங்கதி இல்லை. வீட்டிலேயே பார்த்தது.

மேலே படிக்க ஆசைப்பட்டார். ஊரில் இருந்தது ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி. பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சேர்க்கச் சொல்லி உத்தரவு போட்டார். வகுப்பில் பையன்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்து படித்தார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர் பட்டம். பதக்கங்களும் வாங்கினார். எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். அதிலும் ஒரு கண்டிஷன்! தன்னை சமமாக நடத்த வேண்டும், தன் வேலைக்குக் குறுக்கே நிற்கக்கூடாது. மாப்பிள்ளை சரி என்றார். அதன் பிறகுதான் கல்யாணம்.

துணைத் தலைவர் நாற்காலி

சென்னை மாகாணத்தில் 1921-ல் பெண்களுக்கு ஓட்டு வந்தது. சட்டசபைக்குள் நுழைய 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்திய மாதர் சங்கத்தார் முத்துலட்சுமியின் பெயரைச் சிபாரிசு செய்தார்கள். சர்க்கார் அவரை நியமித்தது. வைத்தியத்தை விட்டுவிட்டுப் போவதா என்று முதலில் தயங்கினார். பெண்களுக்காகப் பேச வேறு யார் என்று கேட்டதும் ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 40.

சபை முழுக்க ஆண்கள். பெண் இவர் ஒருத்தர்தான். ஆனாலும் 1927-ல் சபையின் துணைத் தலைவராக இவரையே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவிலேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் இவர்தான்!

நாற்காலி கிடைத்ததும் சும்மா இருந்துவிடவில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆஸ்பத்திரி வசதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டர் பரிசோதனை, ஏழைப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்புச் சலுகை என்று ஒவ்வொன்றாகக் கிளப்பினார். சின்னஞ்சிறுசுகளுக்குத் தாலி கட்டுவதை நிறுத்தவும் குரல் கொடுத்தார். பிள்ளை பெறும்போது சாகும் சிறுமிகளைப் பார்த்த டாக்டர் ஆயிற்றே! பெண்ணுக்கு 14 வயது ஆகவேண்டும் என்ற சாரதா சட்டம் 1929-ல் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் வந்தது.

முதலில் நிலம்!

பெரிய சண்டை பொட்டுக்கட்டும் வழக்கத்தில்தான். 1927 நவம்பரில் அதை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவர்களே ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குலத்துப் பெண்களிலும் பலபேர் எதிர்த்து மனு கொடுத்தார்கள். கலை அழிந்துபோகும், பிழைப்பு போய்விடும் என்பது அவர்கள் பயம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் டாக்டர் பக்கம் நின்றார்கள்.

டாக்டர் அம்மா முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். இருந்தது மானிய நிலத்தில்! கோவில் வேலை செய்தால்தான் அந்த நிலம் குடும்பத்துக்கு. வேலையை நிறுத்தினால் நிலம் போய்விடும். அதனால் நிலத்தைக் காப்பாற்ற வீட்டில் ஒரு பெண்ணைப் பொட்டுக்கட்டி விடுவார்கள். வெறுமனே தடை என்று சட்டம் போட்டால் அந்தப் பெண் சோற்றுக்கு எங்கே போவாள்?

அதனால் முதலில் நிலத்தைப் பிடித்தார். அறநிலையச் சட்டத்தைத் திருத்தும் மசோதா கொண்டு வந்தார். 1929-ல் நிறைவேறியது. கோவில் ஊழியம் செய்ய வேண்டும் என்ற கட்டு அறுந்தது. நிலம் அனுபவித்தவர்கள் கையிலேயே தங்க வழி பிறந்தது.

பெண்ணைக் கருதிச் சட்டம் போடுவது என்றால் இதுதான். ஒரு வழக்கத்தைத் தடுக்கும் முன்னால் அந்தப் பெண்ணின் வயிற்றுப்பாட்டை யோசிப்பது!

ராஜினாமா

1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் காந்தியைக் கைது செய்தார்கள். டாக்டர் பதவியைத் தூக்கி எறிந்தார். சபையில் தான் பட்டதையும் செய்ததையும் அந்த வருஷமே இங்கிலீஷில் புத்தகமாகப் போட்டார். பின்னால் வருகிற பெண் மெம்பர்களுக்கு அது ஒரு வழிகாட்டி.

பதவி போனாலும் வேலை போகவில்லை. பொட்டுக்கட்டுக்குத் தப்பிய பெண் பிள்ளைகள் சிலர் அடைக்கலம் தேடி இவர் வீட்டுக்கு வந்தார்கள். வேறு விடுதிகளில் அவர்களுக்கு இடம் இல்லை. வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அடையாறில் அவ்வை இல்லமாக வளர்ந்தது.

இவர் தொடங்கிய வேலையை முடிக்கும் சட்டம் 1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் வந்தது. பொட்டுக்கட்டுவது குற்றம். பொட்டுக்கட்டிய பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாம், அது செல்லும் என்றும் சட்டத்தில் எழுதினார்கள். தீர்மானம் வந்து 20 வருஷம் கழித்து! ஆட்டம், பாட்டை நம்பியிருந்த பெண்கள் பலருக்கு மேடையும் போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நஷ்டத்தை எந்தச் சட்டமும் ஈடுகட்டவில்லை.

தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்த துக்கம் இவர் மனதைவிட்டுப் போகவில்லை. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கையோடு அது திறந்தது. 1956-ல் டாக்டருக்கு பத்ம பூஷண் பட்டம் கிடைத்தது. 1968 ஜூலை 22-ந் தேதி காலமானார். வயது 81.

2021-ல் 12 தானா?

இவர் பிறந்த நாளை மருத்துவமனை தினம் என்று தமிழக அரசு 2019-ல் அறிவித்தது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் 2021 சட்டசபைத் தேர்தலில் 234 இடத்தில் ஜெயித்த பெண்கள் 12 பேர்தான். சட்டசபையிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

இடம் கிடைத்தால் மட்டும் போதாது. வல்லத்திராக்கோட்டை மாதிரி ஊரில் பஞ்சாயத்துக்கு ஜெயித்து வரும் பெண்கள், கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு கேள்வி கேட்கலாம். குடிதண்ணீர்க் குழாயோ, ரேஷன் கடையோ, சாராய ஒழிப்போ, எதுவானாலும் இந்தத் தீர்மானத்தால் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று. இதே மாவட்டத்தில் பிறந்த டாக்டர் அம்மா ஆண்கள் நிறைந்த சபையில் தனி ஆளாகக் கேட்டது அதைத்தான்.