தமிழாசிரியர் மு.வ.

இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989 வரை வட ஆர்க்காட்டோடு இணைந்திருந்தது. ஆதலின் அம்மண் ஈன்ற டாக்டர் மு. வரதராசனாரை அண்ணாமலை நகரத்தார் தம்மவர் என உரிமை பாராட்டுவதில் பிழையில்லை. நாவலாசிரியராகவும் துணைவேந்தராகவும் அவரை அறிந்தோர் பலர். பள்ளித் தமிழாசிரியராக அறிந்தோர் சிலரே.

1912 ஏப்ரல் 25ஆம் நாள் முனுசாமி முதலியார், அம்மாக்கண்ணு இணையர்க்கு மகனாய்ப் பிறந்தார். இளமை வேலம் என்னும் சிற்றூரில் கழிந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. உடல்நலம் குன்றவே அதனை விட்டு விலகினார். நடுத்தரக் குடும்பத்து இளைஞன் ஒருவன் அரசுப் பணியை இழப்பது அந்நாளில் எத்தகைய இடி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்தத் தளர்ச்சியிலிருந்து அவரை எழுப்பியது தமிழ்ப் படிப்பே. முருகைய முதலியாரிடம் பாடம் கேட்டார். 1931இல் வித்துவான் முகநிலைத் தேர்வு எழுதினார். பிறகு தாமே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதல்வராய் வந்தார். திருப்பனந்தாள் மடம் வழங்கிய ஆயிரம் ரூபாய்ப் பரிசும் அவர்க்கே உரியதாயிற்று. அவ்வாண்டே திருப்பத்தூர் நகராண்மைக் கழக உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியரானார்.

பட்டதாரி ஆசிரியர்க்கு இருந்த ஊதியமும் மதிப்பும் வித்துவான்களுக்கு இல்லாத காலம் அது. மனம் கசந்து, பழைய குறிப்புகளையே ஆண்டுதோறும் ஒப்பித்துக் காலம் தள்ளியோர் இருந்தனர்; அவர்களை முற்றும் குறைகூறவும் இயலாது. மு.வ. அவ்வழி செல்லவில்லை. பகலில் வகுப்பில் ஆசிரியர், மற்ற வேளையில் தனித்தேர்வு மாணவர் என இரட்டை வாழ்வு நடத்தி, 1939இல் பி.ஓ.எல். பட்டம் பெற்றார். கல்லூரிக்குள் மாணவராய்க் கால்வைக்காமலே பட்டம் பெற்ற அவரை, அதே ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி விரிவுரையாளராய் அழைத்துக்கொண்டது.

கல்லூரிப் பதவி வந்தபின்னும் படிப்பு நிற்கவில்லை. 1944இல் எம்.ஓ.எல்.; 1948இல், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காக, சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். தமிழில் அப்பட்டத்தை அங்கு முதலில் பெற்றவர் அவரே.

வகுப்பறைப் பழக்கம் அவர் உரைநடையிலும் படிந்தது. பின்வரிசை மாணவனுக்கும் விளங்கவேண்டும் என்ற கவலை வரிதோறும் தெரியும். 1949இல் வெளிவந்த திருக்குறள் தெளிவுரை தமிழகத்து வீடுகள்தோறும் புகுந்தது அதனாலன்றோ! அவ்வெளிமையைக் குறையென்று கருதும் கவிஞர்கள், அத்தகைய உரையொன்றை எழுதிப் பார்த்தால் அதன் அருமை புலப்படும்.

1961இல் அகல் விளக்கு நாவலுக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். ஒருகாலத்துத் தாலுகா எழுத்தர், அப்பொறுப்பில் இருந்தபோதே 1974 அக்டோபர் 10ஆம் நாள் மறைந்தார்.